ரிப்ளைக்குக் கீழே ஒரு வால்

இமெயிலில் ரிப்ளை பட்டனை அழுத்தியதும், வந்த கடிதம் முழுவதும் உங்கள் பதிலுக்கு அடியில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அவர் மறுபடி பதில் போட்டால் அதுவும் சேரும். பத்து முறை போய் வந்தால் அனுமார் வால்தான். "இருந்துவிட்டுப் போகட்டுமே, காகிதமா செலவாகிறது?" என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

எங்கள் பூவம், காரைக்கால் பக்கத்தில் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைய. பாரீசிலிருந்து அண்ணன் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டு வரி கட்டியாகிவிட்டதா? கொல்லைச் சுவரை இடித்துக் கட்டலாமா? குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லலாமா? தம்பி மேலே "சரிண்ணே" என்று மட்டும் தட்டி அனுப்புகிறார். எதற்குச் சரி? பாரீஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு நாள் போய்விடும். ஒவ்வொரு கேள்விக்கும் நேர் கீழே அதன் பதிலை எழுதி, மற்றதை அழித்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இது நானாகப் போட்ட சட்டம் அல்ல. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதிய ஆர்.எப்.சி. 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பே, பதில் புரியத் தேவையான அளவுக்கு மட்டும் பழைய கடிதத்தை வைக்கச் சொல்கிறது. அது டயல்அப் மோடம் காலம், நீளமான கடிதம் என்றால் டெலிபோன் பில் ஏறும். இன்று அந்தக் கவலை இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது.

சுவர் வேலை பற்றிக் குடித்தனக்காரருக்கும் தெரியட்டும் என்று அதே ரிப்ளையில் அவர் முகவரியையும் சிசி-யில் சேர்க்கிறீர்கள். அவரைக் காலி செய்யச் சொல்லும் பேச்சும், எப்போதோ அண்ணன் எழுதிய பேங்க் கணக்கு எண்ணும் வாலோடு சேர்ந்து அவருக்குப் போய்விடும். ஜிமெயில் பழைய கடிதத்தை மூன்று புள்ளிகளுக்குள் மடித்து வைப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. மறைவது திரையில் மட்டும்தான். அந்தப் புள்ளிகளைக் க்ளிக் செய்து விரித்து, வேண்டாததை அழித்த பிறகு அனுப்புங்கள். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் புதுக் கடிதமே நல்லது. தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: வேண்டிய வரிகளை மட்டும் செலக்ட் செய்துவிட்டு ரிப்ளை கொடுத்தால் அவை மட்டுமே வரும்.

அழிக்கலாமே தவிர, அடுத்தவர் எழுதிய வரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். பேங்குக்கோ கம்பெனிக்கோ புகார் எழுதும்போது மட்டும் வாலை வெட்ட வேண்டாம். என்றைக்கு என்ன சொன்னார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.