பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கையும் பார்க்கட்டும்

ஏதாவது ஒரு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் காலை பத்து மணி வாக்கில் போய் நின்று பாருங்கள். பதினெட்டு வயது முடிந்த கையோடு வந்த பையன்கள் கும்பலாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, முப்பத்தைந்து நாற்பது வயதில் நாலைந்து பேர் சிரிப்பே இல்லாமல் நிற்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஆட்டோவுக்குக் கொடுத்து மாளாத அம்மா ஒருவர். டவுன் பஸ் வராத ஊருக்கு மாற்றலாகிப் போன வாத்தியார் ஒருவர். கணவருக்கு முடியாமல் போனதால் கடைக்குச் சரக்கு எடுக்கத் தானே வண்டி ஓட்டியாக வேண்டிய பெண்மணி ஒருவர். பையன்களுக்கு லைசென்ஸ் என்பது ஆசை. இவர்களுக்கு அது பிழைப்பு.

இவர்கள் எல்லோரும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு எழுத்தைத்தான். தமிழில் 'அ', இங்கிலீஷில் 'ஏ' என்று ஆரம்பிக்கிற எழுத்து இல்லை, எண். எட்டு!

"எட்டு போட்டுட்டீங்களா?" என்று கேட்டால் அதற்கு அர்த்தமே "லைசென்ஸ் வாங்கிட்டீங்களா?" என்பதுதான். தரையில் வரைந்த எட்டுக்குள் வண்டியை நடை வேகத்தில் வளைத்து வளைத்துக் கொண்டுவர வேண்டும். கால் கீழே பட்டால் அவுட். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தை வைத்து, சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓட்ட ஒருவர் தகுதியானவர் என்று முடிவாகிவிடுகிறது.

எட்டு தேவையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அது நல்ல பரீட்சைதான். கிளட்சைப் பாதி பிடித்து மெதுவாக ஓட்டும் பக்குவம், முன் சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்க்கும் பழக்கம், உடம்பின் பேலன்ஸ் மூன்றையும் அது காட்டிக் கொடுத்துவிடும். சந்தைத் தெருவில் வளைந்து நெளிந்து போகிறவருக்கு இதெல்லாம் வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். எட்டு போடத் தெரியாததால் யாராவது செத்துப்போயிருக்கிறார்களா? நடை வேகத்தில் விழுந்தால் முழங்காலில் சிராய்ப்பு, கொஞ்சம் மானக்கேடு, அவ்வளவுதான். உயிர் போவது நாற்பதிலும் அறுபதிலும் போகும்போது. அந்த வேகத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பரீட்சை கேட்பதே இல்லை.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். நூற்றுக்கு நாற்பத்துநாலுக்கும் மேல். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இத்தனை பேரும் பயிற்சி போதாமல்தான் இறந்தார்கள் என்று சொன்னால் அது பொய். குண்டும் குழியுமான ரோடு, குடி, போடாத ஹெல்மெட், எதிர்த்திசையில் வருகிறவன் என்று காரணம் நிறைய. ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து நிற்கும்போது ஓட்டுகிறவரின் கையும் காலும் என்ன செய்கிறது என்பது பயிற்சி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா?

கொஞ்சம் கணக்குப் போடலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. குறுக்கே மாடு வருகிறது என்று மூளைக்கு எட்டிக் கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தப் பதினாறு மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறது. பிடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு ஓடுகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால் நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலை ஆட்டியபடி வெகுதூரம் போய்த்தான் நிற்கும். அதற்குள் மாடு வந்துவிடும்.

ஆனால் ஊரில் வண்டி சொல்லிக்கொடுக்கிற அண்ணன், மாமா, வீட்டுக்காரர் எல்லோரும் முதலில் சொல்லும் பாடம் என்ன? "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்!" வெடுக்கென்று பிடித்தால், மணலில் பிடித்தால், வளைவில் சாய்ந்திருக்கும்போது பிடித்தால் அடிக்கத்தான் செய்யும். அதற்குப் பரிகாரம் தொடாமல் இருப்பது இல்லை. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவது போலப் படிப்படியாக அழுத்தக் கற்றுக்கொள்வதுதான். இதை ஒரு காலி மைதானத்தில் இருபது முப்பது தடவை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும். செய்து பார்க்காமல் போனால், முதன்முதலாகச் செய்து பார்ப்பது மாட்டுக்கு முன்னால்தான்.

2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். ஆக, வண்டிக்குப் புத்தி வந்துவிட்டது. டெஸ்டுக்கு இன்னும் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டெஸ்ட் வைக்கிற மோட்டார் வாகன ஆய்வாளரைத் தமிழ்நாட்டு ஜனங்கள் அழைப்பதே "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றுதான். எட்டு போட வந்தவரிடம் அவர் பிரேக்கைத் தவிர மற்றதைத்தான் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது! சட்டத்திலும் குறை இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர் தேர்வில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, சரியான நேரத்தில் சைகை காட்டுவது, சந்திப்பில் கவனமாகப் போவது, அவசரத்தில் நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு. ஏட்டில் இருப்பது இத்தனை. தரையில் இருப்பது எட்டு மட்டும்.

சரி, வயது வந்த பிறகு கற்றுக்கொள்கிறவர் கதைக்கு வருவோம். பதினெட்டு வயதுப் பையன் கீழே விழுந்தால் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறுவான். நாற்பது வயதில் விழுந்தால் கை உடைந்தால் சம்பளம் போகும், சமையல் நிற்கும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அந்தப் பயம் கோழைத்தனம் இல்லை, பொறுப்பு. சைக்கிளே ஓட்டிப் பழகாத பெண்கள் பேலன்ஸில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பெரியவர்களிடம் பையன்களிடம் இல்லாத ஒரு முதல் இருக்கிறது. இருபது வருடமாகத் தெருவில் நடந்தும் பஸ்ஸில் போயும், எவன் எங்கே திடீரென்று திரும்புவான் என்று கண்ணுக்குப் பழகியிருக்கும். கை கால் பழக வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பழக்கத்தை யார் கொடுப்பது? கார் ஓட்டப் பழக வீதிக்கு வீதி டிரைவிங் ஸ்கூல் உண்டு. வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. பைக்குக்கு அப்படி இரண்டாவது பிரேக் கிடையாது. பெரும்பாலான ஸ்கூல்களில் பைக்குக்குப் பாடமும் கிடையாது. டெஸ்ட் நாளில் வண்டியை வாடகைக்குக் கொடுத்து, "இந்தக் கோட்டு மேல போங்க" என்று சொல்வதோடு சரி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானம், பின்னால் ஓடிவரும் கணவர் அல்லது தம்பி. "பார்த்து! பார்த்து! அறிவில்லையா, கிளட்சை விடாதேன்னு சொன்னேன்ல!" கற்றுக்கொள்கிறவர் பாதியில் அழுதுவிட்டு, இது நமக்கு வராது என்று வண்டியை மூடிவைத்துவிடுவதும் உண்டு. வராதது வண்டி இல்லை, சொல்லிக்கொடுக்கும் பொறுமை.

சட்டப்படி எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும்; எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அந்த 30 நாள் பழகுவதற்காகக் கொடுத்த அவகாசம். நடைமுறையில் அது காத்திருக்கும் காலமாக மட்டும் இருக்கிறது. அந்த நாட்களில் என்ன பழகினார், எவ்வளவு பழகினார் என்று கேட்பார் இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் 110 சிசி வண்டியும் 1000 சிசி வண்டியும் ஒன்றுதான். 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று ஒரே வகுப்பு.

பிரிட்டனில் எப்படி என்று பாருங்கள். அங்கேயும் எட்டு உண்டு! ஆனால் அது ஆரம்பம் மட்டும். முதலில் ரோட்டில் இறங்குவதற்கே அடிப்படைப் பயிற்சி கட்டாயம். இது 1990இல் வந்தது. அதில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது பயிற்சியாளரோடு நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு. பிறகு மைதானத்தில் ஒரு தேர்வு: எட்டு, மெதுவாக ஓட்டுவது, யூ டர்ன். அதோடு, மணிக்கு குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்திக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் தடையைத் தவிர்த்து விலகியும் காட்ட வேண்டும். அது முடிந்தால் நிஜ ரோட்டில் இன்னொரு தேர்வு. தேர்வாளர் பின்னாலேயே வந்து ரேடியோவில் வழி சொல்வார். 24 வயது ஆனவர்கள் இத்தனையும் தாண்டினால் நேராக எந்தப் பெரிய வண்டிக்கும் முழு லைசென்ஸ் வாங்கலாம். 17 வயதில் வருகிறவருக்கு 125 சிசி வரைதான்.

"அது பணக்கார நாடு சார், இங்கே அதெல்லாம் நடக்குமா?" என்பது நியாயமான கேள்வி. இன்னும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. இங்கே பைக் என்பது பொழுதுபோக்கு இல்லை. பால்காரர், கொத்தனார், சாப்பாடு கொண்டுவரும் தம்பி எல்லோருக்கும் அதுதான் சோறு. டெஸ்டைக் கஷ்டமாக்கினால் புரோக்கருக்குத்தான் கொண்டாட்டம், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் கூடுவார்கள் என்பார்கள். இது நிஜம். பயிற்சி கொடுக்காமல் பரீட்சையை மட்டும் கடினமாக்கினால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் பரீட்சைக்கு முன்னால் பயிற்சி வர வேண்டும். 2021இல் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு விதி கொண்டுவந்தது. காருக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம் என்று பாடத்திட்டமே போட்டார்கள். அதிகம் சாகிறவர்கள் பைக்கில் போகிறவர்கள். அவர்களுக்கு 29 வேண்டாம், ஆறு மணி நேரம் போதாதா?

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. எட்டு இருக்கட்டும். அதற்குப் பக்கத்திலேயே ஐம்பது அடி நேர்கோடு ஒன்று போடட்டும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டுக்குள் நிறுத்தச் சொல்லட்டும். திரும்பும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறாரா என்று கவனிக்கட்டும். இதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். எல்.எல்.ஆர். காத்திருக்கும் 30 நாளில் ஒரு சனி, ஒரு ஞாயிறு ஏதாவது அரசுப் பள்ளி மைதானத்தில் அடிப்படைப் பயிற்சி நடக்கட்டும். பெண்களுக்குப் பெண்களே சொல்லிக்கொடுக்கட்டும். 2018இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கத் தமிழக அரசு பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. வண்டிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்குக் கொடுத்தாலும் எத்தனை பேர் பயமில்லாமல் ஓட்டுவார்கள்!

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதம் எட்டுப் பழகிக்கொண்டிருக்கும் அக்காவோ, அம்மாவோ, சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹெல்மெட் மாட்டி, முதலில் இருபது, பிறகு முப்பது வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். பத்து தடவை, இருபது தடவை. கத்தாமல் சொல்லிக்கொடுங்கள். டெஸ்டில் தோற்றால்கூட ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம் என்று சட்டமே சொல்கிறது. ரோட்டில் தோற்றால் மறுதேர்வு கிடையாது.

ஓட்டத் தெரியும் என்று சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால், நிறுத்தத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பேரே பிரேக் இன்ஸ்பெக்டர்தானே!