உப்புக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்

மெக்கானிக் நானாமார் கோபிக்க வேண்டாம்.

என் ஸ்கூட்டிக்குக் கியர் ஒயில் மாற்றப் போனேன். கழற்றிய ட்ரெயின் நட் திரும்ப இறுகவில்லை, சும்மா சுற்றியது. "மன்னார் உப்புக் காத்து டீச்சர்" என்று சொல்லி, கம் பூசி அனுப்பப் பார்த்தார் கராஜ்காரர்.

உப்பு அரித்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். என் நட்டோடு வந்ததோ பளபளவென்ற சுருள். போன முறை யாரோ நீள ஸ்பெனர் போட்டு முறுக்கித் திரெட்டைக் கிழித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் ஒயில். அதற்கு லொறிச் சில்லு பூட்டுகிற பலம் எதற்கு? ஒயில் கசியாமல் பிடிப்பது வாசர். அதை மாற்றினீர்களா என்று கேட்டால் சிரிக்கிறீர்கள்.

கம் விட்டால் ஒயில் வழிவது பின் டயரில். பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தினமும் மன்னார்ப் பாலம் கடக்கிறவள் நான்.

லேத்தில் துளையைப் பெருப்பித்து, ஹெலிகோயில் சுருள் இறக்கினால் பழைய அளவு நட்டே பிடிக்கும். வெட்டிய தூளை ஒயில் விட்டுக் கழுவவேண்டும், அவ்வளவுதான். அலுப்பென்று அதைச் செய்வதில்லை.

இனி வாசரை நானே வாங்கிக்கொண்டு போவேன். நட்டைக் கையால் நாலு சுற்றுச் சுற்றும்வரை ஸ்பெனரை எடுக்க விடமாட்டேன். "டீச்சருக்கு எங்களில நம்பிக்கை இல்லையா?" என்றால், இல்லை நானா.