என் கணினிக்கு இன்னொரு ஆன்டிவைரஸ் வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னை நாற்பது நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். உறவினர்களும் படிக்கவும். முக்கியமாக நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் படிக்கவும்.

போன வெள்ளிக்கிழமை காலை மின்கட்டணம் கட்டலாம் என்று கணினியைத் திறந்தேன். திரையின் வலது மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி. "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே இங்கே அழுத்தவும்." மூடினால் அடுத்த நிமிடமே இன்னொன்று. கணினியும் ஒரு மாதமாகவே மாட்டுவண்டி வேகம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதினேழு பதில். அதை வாங்குங்கள், இதை வாங்குங்கள், இலவசம் என்றால் குப்பை, காசு கொடுத்தால்தான் பாதுகாப்பு. ஒருவர் கணினியையே தூக்கிப் போடச் சொன்னார். அண்ணன் மகன் அன்றிரவே மூன்று வருட லைசன்ஸ் வாங்கி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டான். "அத்தை, இனிமே நீங்க எதையும் தொடாதீங்க" என்று ஒரு குறிப்பும் அதோடு.

பதினேழு பேரில் ஒருவர்கூட, "டீச்சர், அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்கவில்லை. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுவதற்கு உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

சனிக்கிழமை கே.கே. நகரில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். காபி ஆறும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "டீச்சர், இது வைரஸே இல்லை. ஏதோ வெப்சைட்டுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப 'அலோ' கொடுத்திருக்கீங்க." உண்மைதான். ராசிபலன் பார்க்கப் போன இடத்தில் ஏதோ கேட்டது, அழுத்தினேன். (கணக்கு டீச்சர் ராசிபலன் பார்ப்பதா என்று யாரும் கேட்க வேண்டாம்.) பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்த முகவரியை நீக்கினாள். சிவப்புப் பெட்டி போயிற்று. செலவு ஒரு காபி.

கணினி ஏன் மெதுவாக ஓடியது? உள்ளே மூன்று ஆன்டிவைரஸ் இருந்தன. ஒன்று கணினியோடு வந்து எப்போதோ காலாவதியான டிரையல். ஒன்று இரண்டு வருடம் முன்பு சர்வீஸுக்கு வந்தவர் போட்டது. மூன்றாவது, லீவுக்கு வந்த அண்ணன் மகன் போட்டுவிட்டுப் போன இலவசம். நான் திறக்கும் ஒரே கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதனை போட்டால் வேலை எப்படி நடக்கும்? மூன்றையும் நீக்கினாள். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒதுங்கி நிற்குமாம். மற்றவர்கள் போனதும் அது தானே வேலைக்கு வந்துவிட்டது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. தனியாகப் பணம் கிடையாது, அப்டேட்டும் தானாக வருகிறது. ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடும் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற நிறுவனங்களின் பட்டியலில் காசு கொடுத்து வாங்குபவற்றோடு சேர்ந்தே நல்ல மதிப்பெண் வாங்குகிறது. ஆறு வருடத்தில் ஆன்டிவைரஸுக்கு நான் கொடுத்தது 7,400 ரூபாய். அந்த ரசீதுகளை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து கூட்டிப் பார்க்கலாம்.

ஆன்டிவைரஸ் விற்பவர்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்லவில்லை. ஃப்ளாப்பியில் வைரஸ் ஊர் ஊராகப் போன காலத்தில் அது இல்லாமல் முடியாது. நம் சென்னையிலேயே பிறந்த கே7-உம் புனேயின் குயிக் ஹீலும் அந்தக் காலத்துத் தேவையில் வளர்ந்தவைதான். கடை வைத்திருப்பவர், வீட்டிலேயே பத்துப் பேருக்குக் கணக்கு எழுதுபவர், கண்ட பென் டிரைவையும் செருக வேண்டியவர் வாங்கட்டும். ஆனால் ஒன்றே ஒன்று. "இலவசம்தானே" என்று எதையாவது போடுபவர்கள் அவாஸ்ட் கதையைத் தேடிப் படியுங்கள். தன்னை நம்பியவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024-ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி. அந்த நிறுவனத்தை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. விலை உயர்ந்த காவலாளியும் தடுக்கி விழுவான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டில் உலகம் முழுவதும் 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை வந்து கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டது அப்டேட் செய்யாதவர்கள். மலிவாக அசெம்பிள் செய்து ஒரிஜினல் இல்லாத விண்டோஸ் போட்டுத் தருகிறவர்கள், அந்தத் திருட்டுச் சாவி வேலை செய்யட்டும் என்று அப்டேட்டையும் டிஃபெண்டரையும் நிறுத்திவிட்டுப் போவதுண்டு. பிறகு அந்த இடத்தில் ஒரு ஆன்டிவைரஸை விற்கிறார்கள். பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலுக்குப் பூட்டு விற்பது போல. என் கணினியில் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னும் ஒரு வருடம் பெறுவதற்குப் பதிவு செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. பதினேழு பேரில் ஒருவராவது இதைச் சொன்னீர்களா? மாணவிதான் பதிவு செய்து கொடுத்தாள். தினசரி வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கும் போட்டுக் கொடுத்தாள். நான் எதையாவது தெரியாமல் இன்ஸ்டால் செய்யப் போனால் இனி பாஸ்வேர்டு கேட்கும்.

இதெல்லாம் சின்ன விஷயம். இந்தப் பதிவை எழுத வைத்தது வேறு.

அசோக் தூண் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த உயர்ந்த ரக ஆன்டிவைரஸ், ஒரு நாள்கூடக் காலாவதியாகவில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம், கே.ஒய்.சி. முடிந்துவிட்டது என்று ஒரு குரல். திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொன்னார்கள், போட்டார். அது வைரஸ் இல்லை. கம்பெனிகளில் நீங்களே தினமும் பயன்படுத்தும் வகைதான். அதனால் ஆன்டிவைரஸ் வாயைத் திறக்கவில்லை. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போகும்போதும் மூலையில் பச்சை டிக் போட்டு, "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்றே காட்டிக்கொண்டிருந்ததாம்.

உடனே 1930-க்குப் போன் செய்திருந்தால் பணம் கைமாறிப் போவதற்குள் கொஞ்சமாவது முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அவர் பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. ஏன் சார் என்று கேட்டேன். "பையன் என்ன சொல்வான்னு தெரியுமேம்மா. உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலைன்னு கேட்பான்."

ஆயிரம் பேரை மேடையில் நின்று அடக்கிய மனிதர், மகனுடைய ஒரு வாக்கியத்துக்குப் பயந்து பதினோரு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். அந்தத் திருடனுக்கு அந்தப் பதினோரு நாளைக் கொடுத்தது யார்? "எதையும் தொடாதீங்க" என்று எங்களிடம் சொல்லும் நீங்கள்தான். தொடாமல் எப்படி இருப்பது? பென்ஷன், கேஸ், ரயில் டிக்கெட், வரி, எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுபோய் வைத்தது நாங்களா? உங்களுக்கு ஒரு கணக்கை ஏழு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எட்டாவது முறை கேட்டவனையும் முட்டாள் என்று சொன்னதில்லை. (ஒரு முறை டஸ்டரை எறிந்தேன். அது வேறு விஷயம், அவனே இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறான்.) இன்று நாங்கள் இரண்டாவது முறை கேட்டால் உங்களுக்குப் பெருமூச்சு வருகிறது. போனில் அது எங்களுக்கு நன்றாகவே கேட்கிறது.

லைசன்ஸ் வாங்கி அனுப்புவது உங்களுக்கு இரண்டு நிமிட வேலை. அரை மணி நேரம் உட்கார்ந்து, "திரையில் என்ன தெரிகிறது, நிதானமாகப் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பதுதான் கஷ்டம். முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறீர்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு இன்று இரவு போன் செய்து, பணம் போனாலும் சரி, தப்பாக எதையாவது அழுத்தினாலும் சரி, நடுராத்திரி ஆனாலும் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், திட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள். 1930 என்ற எண்ணை காலண்டரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அண்ணன் மகனுக்கு: கண்ணா, நீ அன்போடு செய்தாய், தெரியும். அந்த லைசன்ஸை ரத்து செய்து பணம் திரும்பக் கிடைக்குமா பார். கிடைத்தால் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடு, 1 டி.பி. போதும். உன் தாத்தாவின் போட்டோக்கள் எல்லாம் இந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன. அதில் எப்படிக் காப்பி எடுப்பது என்று ஞாயிறு மாலை வீடியோவில் சொல்லிக்கொடு. எடுத்து முடித்ததும் ஒயரைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.