பட்டியலில் இல்லாத ஒன்று



சம்பா அறுவடை முடிந்ததும் முதுகுப்பையோடு தனியே உலகைச் சுற்றிவரப்போகும் சபை வாலிபன் ஒருவன் தன் திட்டத்தைக் காட்டினான். ஓராண்டு, பன்னிரண்டு நாடுகள். விசா, காப்பீடு, தடுப்பூசி எல்லாம் இருந்தன. மொழி மட்டும் இல்லை. தடுக்கும்படி அவன் தாயார் வேண்டினார். உங்கள் பிள்ளை கேட்டாலும் தடுக்காதீர்கள் என்பதே என் எண்ணம். அவனைச் சிவகங்கைப் பூங்காவிலுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றேன். சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வருமுன்பே ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் பயின்றவர். (அவர் ஊர் திரும்பாமல் 1798-ல் தஞ்சையிலேயே மரித்ததைத் தாயாரிடம் நான் சொல்லவில்லை.) பசிக்கிறது, நன்றி என்றுகூடச் சொல்லத் தெரியாத தேசத்தில் நாம் பார்ப்பது கட்டடங்களை மட்டுமே. அவன் ஒன்பது நாடுகளை அடித்துவிட்டான். தாயார் இன்னும் என்னோடு பேசவில்லை.