பெரியாற்றைக் காப்பது தொழிலாளி வர்க்கத்தின் கடமை

2024 மே 20 இரவு, கொச்சிக் காயலில் கலக்கும் பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. ஏலூர்–எடயார் தொழிற்பேட்டையை ஒட்டிய பாதாளம் தடுப்பணையின் மதகுகள் மழைக்காலத்தை முன்னிட்டுத் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து இது நிகழ்ந்தது. வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் பகுதிகளில் கடன் வாங்கிக் கூண்டுகளில் கரிமீனும் கொடுவாவும் வளர்த்தவர்கள் ஓரிரவில் அனைத்தையும் இழந்தனர். செத்த மீன்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் முன் கொட்டி அவர்கள் போராடியது, பொறுக்க முடியாத துயரத்தின் வெளிப்பாடு.

காரணம் குறித்து இரு விளக்கங்கள் தரப்பட்டன. மதகு திறந்ததால் நீரில் ஆக்சிஜன் குறைந்தது என்றது வாரியம். ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் நச்சளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. உப்புநீர் மேலேறாமல் தடுக்க மதகுகள் மாதக்கணக்கில் மூடப்படுகின்றன. தேங்கிய நீரின் அடியில் ஆலைக்கழிவும் நகரக் கழிவும் படிந்து, காற்றின்றி அழுகி, நச்சு வாயுக்களைப் பெருக்குகின்றன. மதகைத் திறந்ததும் அந்த நீர் கீழே பாய்கிறது. ஆகவே ஆக்சிஜன் குறைந்தது என்று சொல்வது விளக்கத்தின் பாதியே. அதைக் குறைத்த கழிவை ஆற்றில் விட்டது யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஒரு நாள் விபத்தாக இதைக் கருத இயலாது. உரமும் வேதிப்பொருள்களும் உற்பத்தியாகும் ஏலூரில் ஆறும் ஓடைகளும் பல பத்தாண்டுகளாகக் கழிவைச் சுமக்கின்றன. தெற்கே வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், நன்னீரில் வளர்ந்து உவர்நீரில் இனம்பெருக்கும் ஆற்று இறாலின் வழியைத் தண்ணீர்முக்கம் தடுப்பணை மறித்தே நிற்கிறது. நீரின் போக்கை மறிப்பதும் அதில் நஞ்சைக் கலப்பதும் சேரும்போது மீனினம் மட்டும் அழிவதில்லை. அதை நம்பிய உழைப்பாளியின் அடுப்பும் அணைகிறது. நொய்யலும் பாலாறும் தமிழகத்துக்குக் கற்பித்த பாடமும் இதுவே.

இந்நிலையில் ஒன்றிய பாஜக அரசு 2024 பிப்ரவரியில் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. பல குற்றங்களுக்கான சிறைத்தண்டனை நீக்கப்பட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றப்பட்டது. பெருமுதலாளிக்கு இத்தொகை உற்பத்திச் செலவில் ஒரு சிறு கூறு. கழிவைச் சுத்திகரிப்பதைவிட அபராதம் கட்டுவதே மலிவு என்ற கணக்கைச் சட்டமே கற்றுத்தருகிறது. இத்திருத்தத்தை ஏற்பதா என்பது அந்தந்தச் சட்டமன்றத்தின் முடிவு. எந்த மாநிலமும் இதை ஏற்கக் கூடாது.

அதே வேளையில், மீன்கள் செத்து மிதந்தபோது கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணியே ஆட்சியில் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. கண்காணிப்பின் தளர்வுக்கு ஒன்றிய அரசை மட்டும் கைகாட்டித் தப்ப முடியாது. ஆலையை மூடினால் வேலை போகும், மூடாவிட்டால் மீன் போகும் என்று தொழிலாளியையும் மீனவரையும் எதிரெதிரே நிறுத்துவது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். ஆற்றில் கலக்கும் நஞ்சை முதலில் சுவாசிப்பவர் ஆலைக்குள் நிற்கும் தொழிலாளியே. எனவே கூலி உயர்வோடு கழிவுச் சுத்திகரிப்பும் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

மதகு திறக்கும் முன் நீரைப் பரிசோதித்து மீனவர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆற்றடிச் சேற்றைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். கழிவு அளவீடுகளை மக்கள் அறிய வெளியிட வேண்டும். இழப்பீட்டை மாசுபடுத்தியவரிடமிருந்தே வசூலிக்க வேண்டும். கண்காணிப்புக் குழுக்களில் மீனவர்களும் தொழிலாளர்களும் இடம்பெற வேண்டும்.

பெரியாற்று நீர் வந்து சேரும் அதே காயலின் கரையில்தான் மட்டாஞ்சேரி இருக்கிறது. தொழிலாளர்கள் மோதிப் பொறுக்குமாறு வேலைக்கான வில்லைகளை வீசியெறிந்த சாப்பா முறையை எதிர்த்து, 1953 செப்டம்பர் 15 அன்று அங்கே துறைமுகத் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு முன் நின்றனர். உழைப்பாளியை உழைப்பாளியோடு மோதவிட்ட முறையை அன்று எதிர்த்து நின்றது அவர்களின் ஒற்றுமை. ஆலைத் தொழிலாளியும் மீனவரும் கைகோத்து அந்த ஒற்றுமையை ஆற்றங்கரையில் மீண்டும் கட்டுவதே இன்றைய பணி.