வேலும் வோட்டும்

குண்டடம் கொங்கு வடுகநாத சுவாமி கோயிலுக்கு வராத கட்சிக்காரர் உண்டா? வேட்டிக் கரை கறுப்பு சிவப்பாக இருக்கலாம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடலாம். தோளில் காவித் துண்டு கிடக்கலாம். பைரவர் சந்நிதியில் எல்லோரும் ஒரே மாதிரிதான் கை கூப்புகிறார்கள். வெளியே வந்ததும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து போகிறார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால், அரசியல் மேடைகளில் சிலர் வேறு கணக்குப் போடுகிறார்கள். கும்பிடுகிற கையும் வோட்டுப் போடுகிற கையும் ஒன்றுதானே. ஆகையால் கும்பிடுகிறவர்கள் அனைவரும் ஒரே பக்கம் வோட்டுப் போடுவார்கள் என்பது அந்தக் கணக்கு. இதைச் சரிபார்க்க, குண்டடம் அடங்கிய தாராபுரம் தொகுதியைவிட நல்ல இடம் கிடைக்காது.

எல்லார் கையிலும் வேல்

2020 ஜூலையில் கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தும் வீடியோ ஒன்றைப் பற்றிப் பெரும் கண்டனம் எழுந்தது. பக்தர்கள் மனம் புண்பட்டது. அது நியாயமான வேதனை. அந்த ஆண்டு நவம்பர் 6-ந் தேதி, அப்போதைய பாரதீய ஜனதா மாநிலத் தலைவர் திரு. எல். முருகன் திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை புறப்பட்டார். சர்க்கார் அனுமதி மறுத்தது. அவரைக் கைதும் செய்தது. 2021 ஜனவரியில் அதே அ.தி.மு.க. சர்க்கார் தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக்கியது. அந்த மாதமே திருத்தணி வட்டாரத்தில் தி.மு.க. தலைவர் திரு. மு.க. ஸ்டாலின் கைக்கும் ஒரு வெள்ளி வேல் வந்து சேர்ந்தது. ஆக, தேர்தல் வருவதற்குள் வேல் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவாகிவிட்டது!

திரு. முருகன், அ.தி.மு.க. கூட்டணியில் தாராபுரம் அபேட்சகராக நின்றார். மார்ச் 30-ந் தேதி பிரதம மந்திரி திரு. நரேந்திர மோடியே தாராபுரம் வந்து பிரசாரம் செய்தார். முடிவு என்ன? தி.மு.க.வின் திருமதி கயல்விழி செல்வராஜ் 1,393 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே தேர்தலில், அதே ஈரோடு பாராளுமன்றத் தொகுதியைச் சேர்ந்த மொடக்குறிச்சியில் பாரதீய ஜனதா 281 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. இங்கே பக்தி குறைவு, அங்கே பக்தி அதிகம் என்று யாராவது சொல்வார்களா?

எந்த மதக் கேள்வி முக்கியம்?

தாராபுரம் ஒரு தனித் தொகுதி என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு பட்டியல் வகுப்பினர் என்ற அந்தஸ்தைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே தந்தது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் அதில் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரோ முஸ்லிமோ இந்தத் தொகுதியில் அபேட்சகராக நிற்கவே முடியாது. அப்படியிருக்க, "நம் மதத்தவர் யார், அந்நிய மதத்தவர் யார்?" என்ற கேள்விக்கு இந்தத் தேர்தலில் என்ன அர்த்தம் இருக்கிறது?

கேட்கவேண்டிய மதக் கேள்வி வேறொன்று உண்டு. ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். 2023-ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தாழ்த்தப்பட்டோர் உள்ளே வருவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்க நேர்ந்தது. வேல் ஏந்திய கட்சிகளெல்லாம் இந்த விஷயத்தில் அதே வேகத்துடன் யாத்திரை போனதுண்டா?

நிலைக்காத வோட்டு

தாராபுரம் மக்கள் 2011-ல் அ.தி.மு.க.வையும், 2016-ல் காங்கிரஸையும், 2021-ல் தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று தேர்தல், மூன்று கட்சிகள். இதற்குள் யாரும் சாமியை மாற்றிக்கொள்ளவில்லை.

மதத்துக்குத் தேர்தலில் வேலையே இல்லை என்று சொல்வதும் தவறு. 1998 பிப்ரவரி 14-ந் தேதி கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். அடுத்து நடந்த வாக்குப்பதிவில் திருப்பூர்க்காரரான திரு. சி.பி. ராதாகிருஷ்ணன் பாரதீய ஜனதா சார்பில் ஜெயித்தார். அச்சமும் கோபமும் வோட்டாக மாறியதை மறுக்க முடியாது. ஆனால், அவர் 1998-ல் அ.தி.மு.க. துணையோடும், 1999-ல் தி.மு.க. துணையோடும் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004-ல் கோவை மக்கள் கம்யூனிஸ்டுக் கட்சியின் திரு. கே. சுப்பராயனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு ஆண்டுகளில் காற்று திரும்பிவிட்டது.

இன்னும் பழைய பாடமும் உண்டு. 1971-ல் சேலம் ஊர்வலத்தில் தெய்வங்கள் அவமதிக்கப்பட்டதாகப் பெரும் புயல் கிளம்பியது. தி.மு.க. தோற்றது என்றே எதிர்க்கட்சியினர் நம்பினார்கள். அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்த ஸ்தானங்கள் 184!

எது மறைந்துபோகிறது?

மதத்தை மேடையில் ஏற்றினால் வோட்டு கிடைக்கிறதோ இல்லையோ, ஒன்று மட்டும் நிச்சயம் நடக்கிறது: மற்ற விஷயங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. உப்பாறு அணைக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர் விடவேண்டுமென்று இந்தப் பக்கத்து விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். பொழுது விடிவதற்குள் பனியன் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களுக்கு வேலை நிரந்தரமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் கலங்கியது. அந்த வரி தொழிலாளியின் மதத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

மதத்தின் பேரால் வோட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3)-வது பிரிவு சொல்கிறது. அபேட்சகரின் மதம் மட்டுமல்ல, வோட்டரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமே என்று 2017 ஜனவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் பெஞ்சு, நால்வர் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கட்சிகள்தாம் வேலைக் கையில் வாங்கிக்கொண்டு, "நாங்கள் வோட்டா கேட்டோம்?" என்று சிரிக்கின்றன.

சிரிக்கட்டும். 1,393 என்பது சிறு தொகை. ஜெயித்தவர், "மக்கள் எங்கள் பக்கம்" என்று மார்தட்டவோ, தோற்றவர், "இன்னும் கொஞ்சம் மதத்தைத் தூண்டியிருந்தால்..." என்று ஏங்கவோ அது போதாது. வோட்டரிடம் வருகிறவர்கள் வேலைக் கொண்டுவந்தால், அவர் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும். பிறகு, "அணைத் தண்ணீர் எப்போது வரும்?" என்று கேட்கட்டும். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு வோட்டுப் போடட்டும்.