மிஞ்சுவது பெட்ரோலா, கடனா?

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் 'ஹைபிரிட்' கார்கள் மீது பெங்களூர்வாழ் நம்மவர்க்கும் ஆசை பிறந்திருக்கிறது. 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் ஓடும் என அறிவிக்கப்பட்டது. அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டிக் கண்ட அளவு. சில்க் போர்டு நெரிசலை அந்த உருளைகள் அறியா!

தொழில்நுட்பம் பொய்யல்ல. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தி மின்சாரமாகிப் பேட்டரியில் சேருகிறது. நெரிசலில் எஞ்சின் ஓய்கிறது, மோட்டார் வண்டியை நகர்த்துகிறது. ஆகவே நகருக்குள் லாபம் அதிகம்; ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையில் குறைவு.

ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண கார் 12, ஹைபிரிட் 20 கிலோமீட்டர் தருவதாகவும், பெட்ரோல் 100 ரூபாய், ஹைபிரிட்டின் கூடுதல் விலை 3 லட்சம் என்றும் கொள்வோம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரருக்கு மாதம் 10,000 ரூபாய் மிச்சம். இரண்டரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். 600 கிலோமீட்டர் ஓட்டும் குமாஸ்தாவுக்கோ 2,000தான்; பன்னிரண்டரை ஆண்டு காத்திருக்க வேண்டும். கடனுக்கு வட்டி வேறு!

எனவே நண்பர்களே, விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதே உங்களுக்கு உரிய எண்.